செந்தார் இல்லாத பைங்கிளிகள்

எங்கள் அப்பார்ட்மென்ட் இரண்டாவது மாடி மாமா ஒருநாள் ராத்திரி வாட்ஸாப்பில் ஒரு கிளிப் படம் அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "இது ப்ளூ ஃப்ரண்டட் அமேசான்தானேப்பா? ஃபாரத்துல என்ன இனம்னு கேக்கறான். கடைக்காரன் பில்லுல அப்படித்தான் எழுதியிருக்கான். நீதான் பைனாகுலரும் கையுமா திரியறவனாச்சே, பாத்துச் சொல்லு."

அவர் மகன் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போன கிளி அது. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், சாயங்காலம் அஞ்சு மணிக்கு அது கத்தினால் எதிர்வீட்டு மாவு மெஷின் சத்தம் கூடக் கேட்காது.

ஃபாரம் என்று அவர் சொன்னது இதுதான். 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதையொட்டி 2024-ல் வந்த விதிகள்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம் எதையாவது வளர்ப்பவர்கள் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யணும். சைட்டிஸ் என்பது அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 1975-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. கிளி வகைகளில் நாலே நாலு போக மற்ற எல்லாமே அதன் பட்டியலில் உண்டு. அந்த நாலில் ஒன்றுக்கு நம்ம ஊர் விலாசம். அதுக்கு அப்புறம் வர்றேன்.

மாமா அனுப்பிய படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். நெற்றிப் பக்கம் நீலம் இருந்தது. கன்னத்தில் மஞ்சள். சரிதான், 'நீல நெற்றி' என்று தோன்றும். ஆனால் அலகு வெளிறின கொம்பு நிறம், நுனியில் மட்டும் கருமை. நீலநெற்றி அமேசானுக்கு அலகு மொத்தமாகக் கறுத்திருக்கணும். கண்ணைச் சுற்றி இருந்தது நீலம். நீலநெற்றிக்கு நீலம் அலகுக்கு மேலே நிற்கும், கண்ணைச் சுற்றி மஞ்சள்தான் வரும். மூணாவது, இறக்கையின் மடிப்பு, நமக்குத் தோள் மாதிரி தெரிகிற இடம். நீலநெற்றிக்கு அங்கே சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்க்கும். மாமாவுடையதில் வெறும் பச்சை. ஆக, அது ஆரஞ்சு இறக்கை அமேசான். அந்த ஆரஞ்சு, இறக்கையை விரித்தால் மட்டும் தெரியும். கூண்டில் உட்கார்ந்திருக்கிற கிளி எதுக்கு இறக்கையை விரிக்கப்போகுது?

கடைக்காரர் ஏமாத்தினாரா, அவருக்கே தெரியாதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தப்புக்கு வழி போட்டுக் கொடுத்தது பெயர்தான். நீலம் இரண்டு இனத்துக்கும் முகத்தில் உண்டு. ஒன்றுக்கு மட்டும் அதைப் பெயராகச் சூட்டிவிட்டு, இன்னொன்றுக்கு மடித்து வைத்த இறக்கைக்குள் ஒளிந்திருக்கும் நிறத்தைப் பெயராக வைத்தார்கள். தோல் பதப்படுத்தி, இறக்கையை விரித்து, அருங்காட்சியக மேசையில் கிடத்திப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அப்படித்தான் இருக்கும்.

மாமா விஷயத்தில் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு இனமும் சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில்தான் வருகின்றன. ஃபாரத்தில் தப்பான பெயர் ஏறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் மஞ்சள்தலை அமேசான், மஞ்சள்பிடரி அமேசான், மஞ்சள்கிரீட அமேசான் என்று மூன்று உண்டு. முன்பு மூன்றையும் ஒரே இனமாகவே வைத்திருந்தார்கள். இப்போது முதல் இரண்டும் வணிகத்துக்கே அனுமதியில்லாத முதல் இணைப்பில், மூன்றாவது இரண்டாம் இணைப்பில். மூன்றையும் பிரிக்கிற அடையாளம் தலையில் மஞ்சள் எங்கே, எவ்வளவு என்பது. இளம் பறவைகளுக்கோ மஞ்சள் கொஞ்சமாகத்தான் இருக்கும், வயசு ஆக ஆகத்தான் பரவும். விற்பனைக்கு வருவது இளம் பறவை. புத்தகத்தில் இருப்பது முழு வளர்ச்சி அடைந்த பறவை. இந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்குது.

மாமாவுக்குப் பதில் அனுப்பிவிட்டுப் படுத்த பிறகு இந்த இடைவெளிதான் தூங்கவிடலை. அமேசான் காடு வரைக்கும் எதுக்குப் போகணும்? நம்ம ஊர்க் கிளியைப் பற்றி நாம் எழுதுவதிலும், பெயர் வைப்பதிலும் அதே கோளாறு இன்னும் மோசமாக இருக்கு.

சென்னையில் தினமும் பார்க்கிற பச்சைக்கிளிக்குத் தமிழில் பறவை நோக்குவோர் வைத்திருக்கும் பெயர் செந்தார்ப் பைங்கிளி. சங்கப் பாட்டிலிருந்து எடுத்த சொல். செந்தார் என்றால் சிவந்த மாலை. கழுத்தில் ரோஜா நிற வளையம் போட்ட கிளி. கேட்கும்போதே கிளி கண் முன்னால் வந்து உட்காரும். தமிழில் பறவைப் பெயர் என்றால் இப்படி இருக்கணும்னு நானே பலரிடம் சொல்லியிருக்கேன். இப்போது அதைக் குறை சொல்லப் போகிறேன்.

தொல்காப்பியப் பூங்காவில் அனுமதி வாங்கி உள்ளே போனவர்கள் காலையில் கிளிக்கூட்டம் ஒன்றைப் பொறுமையாகக் கவனித்திருப்பீர்கள். எத்தனை கிளிக்குச் செந்தார் இருந்தது? பெண்ணுக்கு அது கிடையாது. ரொம்பக் கிட்டத்தில் பார்த்தால் கழுத்தைச் சுற்றி மங்கலான பச்சை வளையம் மாதிரி ஏதோ தெரியலாம், இல்லாமலும் போகலாம். ஆண் குஞ்சுக்கும் கிடையாது. அதுக்கு மாலை விழ இரண்டு மூன்று வருஷம் ஆகும். பாதிக்கூட்டம் பெண், மீதியில் இளம் ஆண்களைக் கழித்தால், பெயருக்குப் பொருந்துகிற கிளிகள் கூட்டத்தில் சிறுபான்மை. ஆங்கிலப் பெயரும் வளையத்தைத்தான் பிடித்துத் தொங்குது. இரண்டு மொழியும் கல்யாணக் கோலத்தில் இருக்கிற மாப்பிள்ளையை வைத்துக் குடும்பத்துக்கே அடையாள அட்டை எடுத்திருக்கின்றன.

சரி, அந்தச் சிறுபான்மைக்காவது பெயர் துல்லியமா? அதுவும் இல்லை. பெரிய பச்சைக்கிளி என்று இன்னொரு இனம் இருக்கு. ஆங்கிலத்தில் அலெக்ஸாண்டர் பெயரால் அழைப்பார்கள். கிளி விற்பவர்கள் சிலர் மலைக்கிளி என்பார்கள். அதன் ஆணுக்கும் பிடரியில் ரோஜா நிறம், தாடையில் கருங்கோடு. அதுவும் செந்தார் அணிந்த பைங்கிளிதான். சங்கப் பாட்டில் தினைப்புனத்துக்கு வந்த கிளியும், முன்கையில் ஏந்திக் கொஞ்சிய கிளியும் எந்த இனம் என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. செந்தலைக் கிளியை வேண்டுமானால் விலக்கலாம். அதன் ஆணுக்குக் கழுத்தில் இருப்பது கறுப்பு வளையம், சிவப்பெல்லாம் தலையில். மற்ற இரண்டுக்கும் நடுவில் சொல் நம்மைக் கைவிட்டுவிடும். கவிஞர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் கையேடு எழுதலை. அந்தச் சொல்லை எடுத்து ஒரே இனத்தின் பதிவுப் பெயராக்கிய நம்மிடம்தான் வருத்தம்.

அப்போ எதைப் பார்க்கணும்? முதலில் தோள். பெரிய பச்சைக்கிளிக்கு இறக்கையின் மேல்பக்கம் ஒரு செங்கருஞ்சிவப்புத் திட்டு உண்டு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. குஞ்சுக்கு மங்கலாக, சிலதில் கொஞ்சமாக. இனத்தின் பெயரே இதிலிருந்து வந்திருக்கணும். 'செந்தோள் கிளி' என்று வைத்திருந்தால் பெண்ணும் குஞ்சும் பெயருக்குள் வந்திருக்கும். அடுத்து அலகு. பெரிய கிளியின் அலகு அந்தத் தலைக்கே அதிகம் என்று தோன்றும் அளவுக்குப் பெரிசு. முகத்தில் பாதி அலகு.

அலகில் இன்னொரு விஷயம் இருக்கு. இதைத்தான் கையேடுகள் சரியாகச் சொல்வதில்லை என்று எனக்குத் தீராத கோபம். செந்தார்ப் பைங்கிளியில் இந்தியாவுக்குள்ளேயே இரண்டு துணையினங்கள். வடக்கே இருப்பதற்கு மேலலகு கீழலகு இரண்டும் சிவப்பு. தெற்கே, நம்ம பக்கம் இருப்பதற்கு மேலலகு சிவப்பு, கீழலகு கறுப்பு. மொட்டைமாடியில் நின்று பைனாகுலரில் பார்த்தால் இது தெளிவாகவே தெரியும். பெரிய பச்சைக்கிளிக்கு இரண்டும் சிவப்பு. அதாவது சென்னையில் ஒரு பச்சைக்கிளியின் கீழலகு கறுப்பாக இருந்தால், ஆணோ பெண்ணோ, மாலை இருக்கோ இல்லையோ, அது பெரிய பச்சைக்கிளி கிடையாது. இவ்வளவு சுலபமான ஒரு உள்ளூர் அடையாளம் கையில் இருக்கு. ஆனால் பல கையேடுகள் 'சிவப்பு அலகு' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடும். முழு துணைக்கண்டத்துக்கும் ஒரே பக்கம் என்றால் தெற்கத்திக் கிளியின் கீழலகுக்கு இடம் இருக்காதுதான். அதையே தமிழில் எழுதுகிற நாமும் அப்படியே திருப்பி எழுதுவதை என்னால் ஏற்க முடியலை. தமிழ்க் கையேட்டுக்கு வாசகர் எங்கே இருக்கார்? கான்பூரிலா?

ஒரு எச்சரிக்கை. கீழலகு சிவப்பாக இருந்தால் உடனே பெரிய பச்சைக்கிளி என்று எழுதிவிடாதீர்கள். வடக்கிலிருந்து கூண்டில் வந்து தப்பித்த செந்தார்ப் பைங்கிளியாகவும் இருக்கலாம். அப்போ தோளைப் பாருங்க, அலகின் பருமனைப் பாருங்க, குரலைக் கேளுங்க. சின்னது கீச்சென்று கத்தும். பெரிசின் குரல் தொண்டை கட்டின மாதிரி கரகரப்பாக, ஒரு ஸ்தாயி கீழே இருக்கும்.

அளவு என்று வரும்போது சாலிம் அலியைப் பாராட்டியே ஆகணும். 1941-ல் வெளியான அவருடைய இந்தியப் பறவைகள் நூலில் அளவைச் சொல்ல குருவி, புல்புல், மைனா, புறா, காகம், பருந்து என்று நமக்குத் தெரிந்த பறவைகளையே படிக்கல்லாக வைத்தார். இப்போதுள்ள புத்தகங்கள் சென்டிமீட்டரில் சொல்கின்றன. சின்னக் கிளி சுமார் 40, பெரிசு சுமார் 55-க்கு மேல். கேட்க அறிவியலாக இருக்கு. ஆனால் அந்த சென்டிமீட்டரில் ஏறக்குறைய பாதி வால். வால் இறகு உதிர்ந்த கிளி, கூண்டில் உரசி வால் முறிந்த கிளி, வால் இன்னும் வளராத குஞ்சு, இவற்றுக்கெல்லாம் அந்த எண் உதவாது. உடம்பை மட்டும் எடுத்து, ஒன்று மைனா, இன்னொன்று புறா என்று வைத்துப் பாருங்கள். வால் இருக்கோ இல்லையோ ஏமாற மாட்டீங்க. எடையும் அதைத்தான் சொல்லுது. சின்னது 100, 130 கிராம். பெரிசு 200-க்கு மேல். எண்பது வருஷப் பழைய முறை என்று ஒதுக்கியவர்கள் அதைவிட நல்லதை வைத்துவிட்டு ஒதுக்கியிருக்கலாம்.

வால் இல்லாத குஞ்சு என்றேனே, அது புத்தக உதாரணம் இல்லை. நான் ஏழாவது படிக்கும்போது பெரியப்பா ஒரு கிளிக்குஞ்சு வாங்கிட்டு வந்தார். எந்தக் கடை, எந்தச் சந்தை என்பதெல்லாம் வேண்டாம். "மலைக்கிளிடா, நல்லாப் பேசும்" என்று அதற்குத் தனி விலை கொடுத்திருந்தார். தோளில் சிவப்பு இருந்தது. பெரியம்மா அதை ஒரு கிண்ணத்துத் தண்ணியில் குளிக்க விட்டார். இரண்டாம் குளியலில் தண்ணி ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் தோள் சுத்தப் பச்சை. பெரியப்பாவுக்கு அவமானம். கிளியைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். அது எங்கள் வீட்டில் நாலு வருஷம் இருந்தது, ஒரு வார்த்தை பேசலை, மாலையும் விழலை. பெண் என்று இப்போது தெரியும். அப்போது எங்கள் யாருக்குமே அது தெரியாது. மாலை இல்லாத கிளி ஏதோ குறையுள்ள கிளி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். நாட்டுக்கிளி எதையும் வளர்க்கவோ விற்கவோ கூடாது என்று 1972 சட்டத்தின் கீழ் தடை வந்து பல வருஷம் ஆன பிறகு நடந்தது இது. அதுவும் எங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னால் பொய். லேசாத் தெரியும்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். இரண்டையுமே வளர்ப்பது குற்றம்னா, எது எந்த இனம் என்று மெனக்கெட்டு எதுக்குப் பிரிக்கணும்? பிடிபட்டால் பச்சைக்கிளி என்று எழுதிவிட்டுப் போகலாமே. செய்திகளில் அப்படித்தானே வருது?

இரண்டும் ஒரே நிலையில் இல்லை என்பதுதான் பதில். செந்தார்ப் பைங்கிளி லண்டன் பூங்காவில் கூடப் பெருகிக் கிடக்கு, உலகளவில் அதற்கு ஆபத்து இல்லை. பெரிய பச்சைக்கிளி ஐயூசிஎன் பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கிய இனம். அதற்கு முக்கியமான காரணம், பெரிய மரப்பொந்துகளிலிருந்து குஞ்சுகளை எடுத்து விற்பது. முதலில் சொன்னேனே, சைட்டிஸ் பட்டியலில் இல்லாத நாலு கிளிகள் என்று. வீடுகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று வளர்க்கும் பட்ஜரிகர், காக்டெயில், ரோஜாமுக லவ்பேர்ட், நாலாவது நம்ம செந்தார்ப் பைங்கிளி. பெரிய பச்சைக்கிளி இரண்டாம் இணைப்பில் இருக்கு. ஆக, மாலையோ வாலோ இல்லாத ஒரு பச்சைக் குஞ்சுக்கு முன்னால் நிற்கும் அதிகாரி எந்தப் பெயரை எழுதுகிறார் என்பதில்தான் அது பன்னாட்டு ஒப்பந்தத்துக்குள் வருமா வராதா என்பது இருக்கு. சின்னதைப் பெரிசு என்று விற்றால் பெரியப்பா மாதிரி ஒருத்தர் ஏமாறுவார். பெரிசைச் சின்னது என்று கடத்தினால் ஏமாறுவது ஒரு இனம். அந்த அதிகாரி கையில் நாம் கொடுத்திருக்கும் தமிழ்ப் பெயர், செந்தாரைத் தேடு என்று சொல்லுது. குஞ்சுக்கு ஏது செந்தார்?

மீட்ட குஞ்சுகளைத் திரும்ப விடுவதிலும் இதே சிக்கல். எந்த இனம், எந்தப் பக்கத்துத் துணையினம் என்று பார்க்காமல் 'பச்சைக்கிளிகள்' என்று மொத்தமாக எங்காவது திறந்துவிட்டால், இருபது வருஷம் கழித்து இங்கே என்னைப் போல ஒருத்தன் கீழலகின் நிறத்தை நம்பி எழுதவே முடியாது.

இடையில் ஒரு வேடிக்கை. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இந்தக் கிளிகளைத் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்துச் சில பட்டியல்கள் வெளியிடுகின்றன. அதில் 'அலெக்ஸாண்ட்ரினஸ்' என்ற பேரினப் பெயர் யாருக்குப் போச்சு தெரியுமா? செந்தார்ப் பைங்கிளிக்கு! அலெக்ஸாண்டர் பெயரில் அழைக்கப்படும் பெரிய கிளிக்கு 'பலயோர்னிஸ்' என்று வேறொன்று. செந்தார்ப் பைங்கிளிக்கு மரபணுப்படி நெருங்கிய உறவு மொரிஷியஸ் தீவுக் கிளியாம். ஒரே மரத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதை வைத்து அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தோம், ஒன்றுவிட்ட உறவாகப் போச்சு.

தமிழில் கிளிகள் பற்றி எழுதுபவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். செந்தார்ப் பைங்கிளி என்ற பெயரைத் தூக்கிப்போடச் சொல்லலை, எனக்கே மனசு வராது. அதன் பக்கத்தில் முதலில் பெண்ணின் படத்தைப் போடுங்க. அடுத்து குஞ்சு. மாலை போட்ட ஆண் மூன்றாவதாக வரட்டும், அதை யாரும் தவறவிடப் போவதில்லை. கீழலகு கறுப்பு என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்க.

இரண்டாவது மாடி மாமா ஃபாரத்தில் 'ஆரஞ்சு இறக்கை' என்று எழுதிப் பதிவு செய்துவிட்டார். "இறக்கையில ஆரஞ்சே காணோமேப்பா" என்று இரண்டு முறை சந்தேகம் கேட்டார். அன்றைக்கு அவர் முன்னாலேயே கிளி சோம்பல் முறித்து இடது இறக்கையை நீட்டியது. பளிச்சென்று ஒரு ஆரஞ்சு. மாமி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து பார்த்தார்.

போன வெள்ளிக்கிழமை செயின்ட் மேரீஸ் ரோடு தூங்குமூஞ்சி மரத்தில் கூட்டத்தோடு ஒன்று வந்து இறங்கியது. மாலை இல்லை. அலகு இரண்டும் சிவப்பு. தோளை இலை மறைச்சுடுச்சு. குரல் கொடுக்கும் என்று பஸ் ஸ்டாப்பில் இருபது நிமிஷம் நின்றேன், கொடுக்கலை. நோட்டில் 'பச்சைக்கிளி, இனம் தெரியவில்லை, கீழலகு சிவப்பு' என்று எழுதி வைத்திருக்கேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது தோளைப் பார்த்தால் சொல்லுங்கள்.